முன்கண்ணாடியும் அதைத் தாங்கும் ரப்பரும்: பழைய மோட்டார் வண்டிகளைக் காப்போருக்கு ஒரு திறந்த மடல்

பழைய மோட்டார் வண்டிகளைப் போற்றிக் காத்துவரும் உரிமையாளர்களுக்கும், அவர்களுடைய சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும், அவ்வண்டிகளைச் செப்பனிடும் பட்டறைக் கைவினைஞர்களுக்கும்,



அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, வில்லிஸ் ஜீப் முதலிய வண்டிகளைப் புதுப்பிக்கும் பணியில் எஞ்சினுக்கும் பெயின்ட்டுக்கும் குரோமிய முலாமுக்கும் செல்லும் கவனத்தில் சிறு பங்குகூட முன்கண்ணாடியைச் சுற்றி நிற்கும் ரப்பர் பட்டைக்குச் செல்வதில்லை. பட்டறைகளில் 'பீடிங்' என்று வழங்கும் அப்பட்டை, வேலையெல்லாம் முடிந்து வண்டியை வெளியே எடுக்கும் நாளுக்கு முந்தின நாள், உதிரிபாகக் கடையில் எது கிடைக்கிறதோ அதுவாகவே பெரும்பாலும் வாங்கப்படுகிறது. இரண்டு மழைக்காலம் கழிந்ததும் கண்ணாடியின் கீழ்மூலைகளில் பெயின்ட் கொப்புளம் கட்டுவதும், கால்வைக்கும் தரைத்தகட்டில் ஈரம் ஊறுவதும், அதே வண்டி மீண்டும் டிங்கரிங் பட்டறைக்குத் திரும்புவதும் அந்த ஒரு நாள் அவசரத்தின் விளைவுகளே. பழைய வண்டியின் உடற்கூடு எத்தனை ஆண்டு நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும் பொருள்களுள் இந்த ரப்பர் பட்டை முதல் வரிசையில் வைக்கப்பட வேண்டியது என்பதும், அதைத் தனித்தனி உரிமையாளரின் தேடலுக்கு விட்டுவிடாமல் சங்கங்கள் கூட்டாகச் செய்வித்துக்கொள்ள வேண்டும் என்பதும் இம்மடல் முன்வைக்கும் கருத்து.

இக்கால மோட்டார் வண்டிகளில் முன்கண்ணாடி பாலியூரித்தேன் பசையால் உடற்கூட்டோடு நேரடியாக ஒட்டப்படுகிறது. ஒட்டிய பிறகு அது உடற்கூட்டின் விறைப்புக்குத் துணைநிற்கும் உறுப்பாகவே ஆகிவிடுகிறது. பழைய வண்டிகளின் ஏற்பாடு வேறு. அவற்றில் கண்ணாடி, குறுக்குவெட்டில் ஆங்கில எழுத்தான 'எச்' போன்ற வடிவுடைய ரப்பர் பட்டையின் ஒரு காடியில் அமர்கிறது. எதிர்ப்புறக் காடி, உடற்கூட்டுத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட திறப்பின் ஓரத்தை, அதாவது விளிம்புத் தகட்டை, இருபுறமும் இதழ்போல் கவ்விக்கொள்கிறது. காடிகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள ரப்பரின் கனம், கண்ணாடியின் ஓரம் இரும்பைத் தொட்டுவிடாதபடி இடைவெளி காக்கிறது. சில வண்டிகளில் மூன்றாவது காடி ஒன்றும் உண்டு. அதில் ஆப்புப் பட்டை ஒன்றைச் செருகியதும் ரப்பர் அகன்று இரு இதழ்களும் இறுகுகின்றன. வேறு சிலவற்றில் அந்த இடத்தில் பளபளக்கும் உலோக அலங்காரப் பட்டை செருகப்படுகிறது. திருகோ ஆணியோ இல்லாத இந்த ஏற்பாட்டில் கண்ணாடியைத் தாங்குவது, நீரைத் தடுப்பது, மேடுபள்ளங்களில் உடற்கூடு முறுக்கும்போது அந்த முறுக்கு கண்ணாடிக்குப் போகாமல் ஏற்றுக்கொள்வது ஆகிய மூன்று வேலைகளையும் ரப்பரின் மீள்திறன் ஒன்றே செய்கிறது. மீள்திறன் போய்விட்டால் மூன்றும் ஒருசேரக் கெடுகின்றன.

அந்த மீள்திறன் ஏன் போகிறது என்பதை விளங்கிக்கொண்டால்தான் எந்த ரப்பரை வாங்குவது என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் பாலாக வடிக்கப்படும் இயற்கை ரப்பர், வேதியியல் நோக்கில் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. அச்சங்கிலியின் முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக அமைந்துள்ளன. சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்த வல்கனைசேஷன் முறைப்படி கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றும்போது இச்சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து ரப்பருக்கு உறுதி தருகின்றன. ஆயினும் எஞ்சி நிற்கும் இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஓசோன் தாக்கி அறுத்துவிடுகிறது. இத்தாக்குதல் இழுபட்ட நிலையிலுள்ள ரப்பரில்தான் வெடிப்பாக வெளிப்படுகிறது; இழுவிசையின் திசைக்குக் குறுக்காக அவ்வெடிப்புகள் ஓடுகின்றன. நேர்ப்பட்டையை வளைத்து மாட்டிய வண்டிகளில் நான்கு மூலைகளும் முதலில் வெடித்துப்போவதற்குக் காரணம் இதுவே. வெயிலின் புறஊதாக் கதிரும் வெப்பமும் ரப்பரை மேலும் இறுகச் செய்கின்றன. இவற்றோடு, நெடுநாள் அழுத்தப்பட்டே இருந்த ரப்பர் அழுத்தம் நீங்கிய பிறகும் பழைய உருவுக்குத் திரும்பாமல் சப்பையாகவே நின்றுவிடும் இயல்பும் உண்டு. தொழில்நுட்ப நூல்கள் இதை அழுத்தத் தேக்கம் என்று குறிக்கின்றன. கழற்றிய பீடிங்கைக் கழுவித் துடைத்து மீண்டும் மாட்டுவது எவ்வளவு சிக்கனமாகத் தோன்றினாலும் பயனற்றுப்போவதற்கு இந்தத் தேக்கமே காரணம்.

இக்குறைகளைப் பெரிதும் களைந்த செயற்கை ரப்பர், எத்திலீன் புரோப்பிலீன் டையீன் மோனோமர் என்னும் நீண்ட பெயரின் சுருக்கமாக ஈபிடிஎம் எனப்படுவது, 1960-களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. இதன் இரட்டைப் பிணைப்புகள் முதுகெலும்பில் இல்லாமல் பக்கக் கிளைகளில் மட்டும் இருப்பதால் ஓசோன் அவற்றை அறுத்தாலும் சங்கிலி அறுவதில்லை. வெயிலையும் மழையையும் ஆண்டுக்கணக்கில் தாங்குவதனாலேயே இன்றைய வண்டிகளின் கதவுப் பட்டைகள் பெரும்பாலும் இதனால் செய்யப்படுகின்றன. இதன் பகை எண்ணெய். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் ஆகியவை பட்டால் ஈபிடிஎம் ஊதிப்பெருத்து மென்மையாகிவிடும். இயற்கை ரப்பருக்கும் அதே கதிதான். பீடிங் எளிதாக வழுக்க வேண்டும் என்பதற்காக டீசலில் முக்கியெடுக்கும் பழக்கமும், பளபளப்புக்காக எஞ்சின் ஆயில் தடவும் பழக்கமும் புத்தம்புது ரப்பரை மாட்டும் நாளிலேயே சிதைக்கத் தொடங்கிவிடுகின்றன. சோப்பு நீர் போதும். பின்னாளைய பராமரிப்புக்குச் சிலிக்கோன் கிரீஸை மெல்லத் தடவுவது தகும்.

உதிரிபாகச் சந்தைகளில் இன்று அம்பாசடர் பீடிங் என்ற பெயரில் விற்கப்படுபவை ஒரே தரத்தவை அல்ல. பழைய டயர்களையும் ரப்பர்க் கழிவுகளையும் அரைத்துப் பதப்படுத்திய மறுசுழற்சி ரப்பரால் ஆனவை மலிவாகக் கிடைக்கின்றன. அவை பார்வைக்குக் கறுப்பாகவும் கனமாகவும் இருந்தாலும், இரண்டு விரல்களுக்கிடையே கூர்மையாக மடித்துப் பிடித்தால் மடிப்பின் முதுகில் நுண்ணிய கீறல்கள் தெரியும், மடிப்பை விட்டதும் விரைந்து நிமிரமாட்டா. நல்ல பட்டையின் கடினத்தன்மை, ரப்பரின் இறுக்கத்தை அளக்கும் ஷோர் ஏ அளவையில், 60 முதல் 70 வரை இருப்பது பொருத்தம். அதற்குக் கீழானால் கண்ணாடியின் எடையைத் தாங்காமல் தொய்யும், மேலானால் இதழ் விளிம்புத் தகட்டோடு ஒட்டி உட்காராது. தொழிற்சாலைப் பொட்டலத்திலிருந்து பிரிக்கப்படாமல் பல பத்தாண்டுகள் இருந்த 'ஒரிஜினல்' பட்டையைப் பெருவிலை கொடுத்து வாங்கி மாட்டுவதில் சில உரிமையாளர்கள் பெருமை கொள்கின்றனர். அந்த ஆர்வம் போற்றத்தக்கது, ஆனால் பொட்டலத்துக்குள்ளும் ரப்பருக்கு வயதாகிறது. அத்தகைய பட்டையை மாதிரி வடிவமாகப் பாதுகாப்பதே அதற்குச் செய்யும் சரியான மரியாதை.

இனி கண்ணாடி. மோட்டார் வண்டிகளுக்கான பாதுகாப்புக் கண்ணாடி இருவகைப்படும். முதல்வகை, 600 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேற்றிக் காற்றை வீசிச் சட்டெனக் குளிர்விக்கப்பட்ட டஃபண்ட் கண்ணாடி; அதன் மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் நிலைபெறுவதால் சாதாரணக் கண்ணாடியைவிட வலிமை மிக்கது, உடைந்தாலோ கற்கண்டுத் துண்டுகளைப்போல் சிதறிவிடும். இரண்டாம்வகை, இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பாலிவினைல் பியூட்டிரால் என்னும் நெகிழிப் படலம் வைத்து வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒன்றாக்கப்பட்ட லேமினேட்டட் கண்ணாடி. பிரெஞ்சு வேதியியலர் எதுவார் பெனெடிக்டஸ் 1909-இல் காப்புரிமை பெற்ற முறையின் வளர்ச்சி இது. அக்காலத்தில் நடுப்படலமாக வைக்கப்பட்ட செல்லுலோஸ் சேர்மம் வெயிலில் மஞ்சளித்துப்போன குறை, 1930-களில் பாலிவினைல் பியூட்டிரால் வந்த பிறகே நீங்கியது.

பழைய பிரிட்டிஷ் வண்டிகளிலும் அவற்றின் வழிவந்த இந்திய வண்டிகளிலும் டஃபண்ட் முன்கண்ணாடியே பரவலாக இருந்தது. அதன் பெருங்குறை உடையும் கணத்தில் வெளிப்படுகிறது. லாரிச் சக்கரத்திலிருந்து தெறித்த ஒரு சிறுகல் பட்ட மாத்திரத்தில் கண்ணாடி முழுவதும் ஒரே நொடியில் வெள்ளைப் பூவலையாகி, ஓட்டுநருக்குச் சாலையே மறைந்துபோகிறது. வண்டியோ அப்போதும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. லேமினேட்டட் கண்ணாடியில் அடிபட்ட இடத்தில் மட்டும் விரிசல் விழுகிறது, துண்டுகள் படலத்தோடு ஒட்டி நிற்கின்றன, சாலை தெரிகிறது, மோதலில் முன்னோக்கி வீசப்படும் தலையும் வெளியே பாய்வதில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆவது விதி, மோட்டார் வண்டிகளில் பாதுகாப்புக் கண்ணாடி பொருத்த வேண்டும் என்பதோடு, விதிகள் நடைமுறைக்கு வந்து மூன்றாண்டு கழித்துத் தயாரிக்கப்படும் வண்டிகளின் முன்கண்ணாடி லேமினேட்டட் ஆகவே இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அதற்கு முந்தைய வண்டிகளை இந்த இரண்டாம் நிபந்தனை கட்டுப்படுத்தாது. சட்டம் விட்டுவைத்த அந்த இடத்தை உரிமையாளரின் பொறுப்புணர்வுதான் நிரப்ப வேண்டும்.

அசல் வண்டியில் டஃபண்ட் கண்ணாடி இருந்ததென்றால் இன்றும் அதுவே இருக்க வேண்டும் என்ற வாதம் ஆர்வலர்களிடையே எழுவதுண்டு. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேலான, வணிகப் பயன்பாட்டில் இல்லாத வண்டிகளைத் தொன்மை வாகனங்களாகப் பதிவுசெய்ய வகைசெய்து மத்திய அரசு 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளும் வண்டி அசல் வடிவில் இருப்பதை வலியுறுத்துகின்றன. ஆனால் அவ்விதிகள் பெருமாற்றம் என்று சுட்டுவன அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் செய்யப்படும் மாற்றங்களையே. ஒரே வளைவும் ஒரே கனமும் உடைய லேமினேட்டட் கண்ணாடி வண்டியின் தோற்றத்தில் ஒரு மயிரிழையும் மாற்றுவதில்லை. உயிரைக் காக்கும் இந்த ஒரு மாற்றத்தை அசல்தன்மையின் பெயரால் மறுப்பது ஏற்கத்தக்கதன்று. வாங்கும்போது கண்ணாடி மூலையில் ஐஎஸ்ஐ முத்திரையும், பாதுகாப்புக் கண்ணாடிக்குரிய ஐஎஸ் 2553 என்ற தர எண்ணும் பொறிக்கப்பட்டிருப்பதைப் பார்த்துக்கொள்வது அவசியம். கனத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து ரப்பரின் காடியோடு ஒப்பிடுவதும் அதே அளவு அவசியம். கனம் குறைந்த கண்ணாடி காடியில் ஆடும், கூடியது இதழை விரித்து நீருக்கு வழிவிடும். வில்லிஸ் எம்பி ஜீப்பைப்போலத் தட்டைக் கண்ணாடிகள் கொண்ட வண்டிகளுக்குத் தட்டையான லேமினேட்டட் தகட்டை உள்ளூரிலேயே அளந்து வெட்டிக்கொள்ளலாம். டஃபண்ட் கண்ணாடியைப் பதமிட்ட பிறகு வெட்ட முடியாது. வளைந்த கண்ணாடிக்கோ அதற்கென அச்சு வேண்டும்.

இப்பணியின் நடுநாயகமான பகுதி, கண்ணாடியைக் கழற்றிய பிறகு கண்ணுக்குப் புலனாகும் விளிம்புத் தகடு. பழைய ரப்பர் சுருங்கி இதழ் விலகிய இடத்தில் புகும் மழைநீர் வெளியேற வழியின்றி, காற்றோட்டமும் இன்றி, இரண்டு தகடுகளின் இணைப்பில் தங்கிவிடுவதால், வெளியே பெயின்ட் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே தகடு அரிக்கப்பட்டுவிடும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இவ்வரிப்பை மேலும் விரைவுபடுத்துகிறது. கீழ்மூலைகள் இரண்டையும் ஊசிமுனை கொண்ட கருவியால் குத்திப் பார்க்க வேண்டும். முனை உள்ளே இறங்குமானால் அந்தத் தகட்டை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைத்துப் பற்றவைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. துரு மேலோட்டமாக இருந்தால் பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியால் எஞ்சியதைச் செயலிழக்கச் செய்து, எப்பாக்சி பிரைமர் இட்டு, அதன்மேல் பெயின்ட் அடித்து, அது முழுதும் உலரும்வரை காத்திருக்க வேண்டும். ஈரம் ஆறாத பெயின்ட்டின்மேல் ரப்பரை ஏற்றினால் பெயின்ட் ரப்பரோடு ஒட்டிக்கொண்டு உரிந்துவரும்.

விளிம்புத் தகட்டில் பட்டி பார்ப்பது இப்பணியில் காணப்படும் பெரும்பிழை. கதவிலும் மட்கார்டிலும் பட்டி தன் வேலையைச் செய்யலாம். ஆனால் ரப்பரின் காடி தகட்டின் குறிப்பிட்ட கனத்துக்கென்றே வடிக்கப்பட்டிருப்பதால், பட்டி ஏறிய இடத்தில் தகடு தடித்து, அந்த ஓரிடத்தில் மட்டும் கண்ணாடி உள்ளிருந்து நெருக்கப்படுகிறது. கண்ணாடி பரந்த அழுத்தத்தைத் தாங்கும், ஓரத்தில் ஒரு புள்ளியில் குவியும் அழுத்தத்தைத் தாங்காது. மாட்டிய ஒரு வாரத்தில் யாரும் கல்லெறியாமலே கண்ணாடி ஓரத்திலிருந்து விரிசல் புறப்பட்டால், கடைக்காரர் மீதும் கண்ணாடியின் மீதும் பழி போடுவதற்கு முன் அந்த ஓரத்தின் கீழுள்ள தகட்டைப் பார்ப்பதே முறை. புதுக்கண்ணாடிகள் அடுத்தடுத்து விரிசல் விடும் வண்டியில் கோளாறு இன்னும் ஆழத்தில் இருக்கக்கூடும். அம்பாசடர், அது வழிவந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டைப்போலவே, தனி அடிச்சட்டம் இல்லாமல் உடற்கூடே சுமையைத் தாங்கும் அமைப்புடையது. கதவுகளுக்குக் கீழோடும் பெட்டித்தகடு துருவால் வலுவிழந்தால் வண்டி முழுவதும் முறுக்கி, அந்த முறுக்கைக் கண்ணாடித் திறப்பு வாங்கிக்கொள்கிறது. அத்தகைய வண்டிக்கு முதலில் தேவைப்படுவது அடித்தகட்டு வேலை.

பசையைப் பற்றியும் ஒரு சொல் தேவை. ரப்பருக்கும் தகட்டுக்கும் இடையிலும், ரப்பருக்கும் கண்ணாடிக்கும் இடையிலும் இடவேண்டியது எப்போதும் கெட்டியாகாமல் களிம்பாகவே இருக்கும் பூச்சு; ரப்பர் அசையும்போது அதுவும் அசைந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக, கட்டடக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் சிலிக்கோன் குழாயைப் பிதுக்கி ஒழுகலை அடைப்பது வழக்கமாகிவிட்டது. புளிக்காடி வாடை வீசும் அந்தச் சிலிக்கோன் இறுகும்போது அசெட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. அது இரும்பை அரிக்கும். லேமினேட்டட் கண்ணாடியின் நடுப்படலத்துக்கும் ஓரத்தில் ஊறு செய்யும். பின்னாளில் அங்கே பெயின்ட் அடிக்க முனைந்தால் பெயின்ட் ஒட்டவும் விடாது. பாலியூரித்தேன் பசையிட்டு ஒரேயடியாக ஒட்டிவிடுவதும் தகாது. ரப்பரில் மிதக்கும்படி வடிவமைக்கப்பட்ட கண்ணாடியை அது அசையவொட்டாமல் பிணித்துவிடும், அடுத்தமுறை கழற்றும்போது கண்ணாடியோ தகடோ சேதமடையும்.

மாட்டும் முறை பல பட்டறைகளில் கைவந்த கலை என்பதால் சுருக்கமாகச் சொன்னால் போதும். பழைய ரப்பரின் வெளியிதழைக் கத்தியால் அறுத்துவிட்டுக் கண்ணாடியைத் தள்ளியெடுக்க வேண்டும். ரப்பரைக் காப்பாற்ற முயன்றால் கண்ணாடி போகும். புது ரப்பரை வெயிலிலோ வெந்நீரிலோ வைத்து இளக்கிக் கண்ணாடியைச் சுற்றி ஏற்றி, தகட்டைக் கவ்வும் காடியில் வழுவழுப்பான நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரு முனைகளும் கீழ்நடுவில் ஒரு சாண் அளவு ஒன்றையொன்று கடந்து உள்ளே தொங்கும்படி விடுகின்றனர். ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் கண்ணாடியை அழுத்த, இன்னொருவர் உள்ளிருந்து கயிற்றைக் கண்ணாடியின் நடுப்பகுதியை நோக்கி மெல்ல இழுக்க, இதழ் ஒவ்வோர் அங்குலமாகத் தகட்டின்மேல் ஏறி அமர்கிறது. கீழ்விளிம்பை முடித்து, பக்கங்களை முடித்து, மேல்விளிம்பைக் கடைசியில் ஏற்றுவது வழக்கம். நீளப்பட்டையை வெட்டி இணைக்க நேர்ந்தால் இழுத்து நீட்டி வெட்டாமல், தேவைக்குச் சற்றுக் கூடுதலாகவே விட்டு நெருக்கி வைக்க வேண்டும். நீட்டப்பட்ட ரப்பர் நாளடைவில் சுருங்கி இணைப்பில் வாய் திறக்கும். மூலையில் இணைப்பு வரக்கூடாது. வேலை முடிந்ததும் குறைந்த வேகத்தில் தண்ணீர் விட்டு, கீழ்விளிம்பிலிருந்து மேல்நோக்கிச் சோதிப்பது நல்லது. ஒழுகல் கண்டால், அது வைப்பர் தண்டின் ரப்பர் வளையத்திலிருந்தோ முன்பக்கக் காற்றுத் துளையிலிருந்தோ வருகிறதா என்று பார்த்த பிறகே கண்ணாடி ரப்பரைக் குறைசொல்ல வேண்டும். புதுக்கண்ணாடிக்குப் பழைய வைப்பர் பிளேடைப் பூட்டிக் கீறலை வரவழைப்பதும், கறுப்புப் பிலிம் ஒட்டுவதும் தவிர்க்க வேண்டியவை. பிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012-இலேயே தடைசெய்துவிட்டது.

இவ்வளவும் கைக்கொண்டாலும், சரியான குறுக்குவெட்டுடைய நல்ல ரப்பர் கிடைக்காவிட்டால் பயனில்லை. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. பத்மினி அதற்கும் முன்பே நின்றுவிட்டது. சென்னைக்கு அருகில் வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்று அரைநூற்றாண்டு ஆகிவிட்டது. அம்பாசடரின் அடிப்படை உடற்கூடு அரைநூற்றாண்டுக்கு மேல் பெரிதும் மாறாமல் தொடர்ந்ததால் அதன் கண்ணாடியாவது இன்னும் தேடிப்பெறக்கூடியதாக உள்ளது. ஹெரால்டு உரிமையாளர்களின் நிலை அதனினும் கடினம். தனியொருவர் ஒரே ஒரு பட்டைக்காக ரப்பர் ஆலையை அணுகினால் எந்த ஆலையும் அச்சு செய்ய முன்வராது. ஐம்பது, நூறு வண்டிகளுக்கு ஒன்றாகக் கேட்டால் நிலைமை வேறு. ரப்பரைப் பிதுக்கி நீளப்பட்டையாக வெளியேற்றும் அச்சு என்பது குறுக்குவெட்டு வடிவில் துளையிட்ட இரும்புத் தகடு மட்டுமே. மூலைகளை வார்க்கும் அச்சுக்குத்தான் செலவு கூடுதல், அதுவும் பலர் பகிர்ந்தால் தாங்கக்கூடியதே.

ஆகவே, ஒவ்வொரு சங்கமும் தன் உறுப்பினர்களின் வண்டிகளில் இன்னும் உருக்கெடாமல் எஞ்சியுள்ள பட்டைகளின் குறுக்குவெட்டைக் கண்ணாடிக்கனம், தகட்டுக்கனம், திறப்பின் சுற்றளவு ஆகியவற்றோடு வரைந்து ஆவணமாக்கி வைக்க வேண்டும். அந்த ஆவணத்தைப் பிற ஊர்ச் சங்கங்களோடு தயக்கமின்றிப் பகிர வேண்டும். ஈபிடிஎம் ரப்பர், 60 முதல் 70 வரை ஷோர் ஏ கடினத்தன்மை, வார்க்கப்பட்ட மூலைகள், உள்விளிம்பில் பொறித்த உற்பத்தி ஆண்டு என்ற நான்கு நிபந்தனைகளோடு கூட்டாக ஆணை கொடுக்க வேண்டும். பட்டறைக் கைவினைஞர்கள், விளிம்புத் தகட்டைப் பார்க்காமல் புதுக்கண்ணாடி ஏற்றுவதில்லை என்பதைத் தம் தொழிலின் நெறியாகக் கொள்ள வேண்டும். அந்த வேலைக்கு ஆகும் கூடுதல் நாள்களுக்கும் கூலிக்கும் உரிமையாளர்கள் முகஞ்சுளிக்காமல் இணங்க வேண்டும். அம்பாசடருக்கான பட்டையை முதலாவதாக எடுத்துக்கொண்டு, வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே குறுக்குவெட்டு அளவுகளைத் தொகுக்கும் பணியைத் தொடங்குமாறு சங்கங்களின் பொறுப்பாளர்களை இம்மடல் கேட்டுக்கொள்கிறது.